எல்லா வகை ஃபர்னஸும்

அமெரிக்க அரசாங்கம் என் கணவருக்கு வேலை செய்ய விசா கொடுத்தது. எனக்கு வேலை செய்யாமல் இருக்க விசா கொடுத்தது. அவர் போகிற ஊருக்கு நானும் போகலாம், சமைக்கலாம், துணி மடிக்கலாம், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு எங்காவது ஒரு நாள் உட்கார்ந்தாலும் இரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். எண்பதுகளின் நடுவில், இண்டியானாவின் ஒரு சின்ன ஊரில், அந்த விசாவை வைத்துக்கொண்டு நான் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தேன். டைப்ரைட்டிங் ஹையர் முதல் வகுப்பில் பாஸ் செய்து, திருச்சியில் ஒரு வக்கீல் ஆபீஸில் ஆறு வருடம் குப்பை கொட்டியவள் நான். சும்மா இருப்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஊருக்கு நடுவில் ஒரு கோர்ட்டுக் கட்டடம். அதைச் சுற்றிச் சதுரமாகக் கடைகள், பாதி மூடிக் கிடந்தன. ஒரு ஆறு, மூன்று தொழிற்சாலைகள், தடுக்கி விழுந்தால் ஒரு சர்ச். பள்ளிக்கூட ஜிம்மில் பாஸ்கெட்பால் நடக்கிற சாயங்காலம் தெருவில் ஈ காக்கை இருக்காது. ஜனங்கள் நல்ல மாதிரி, சும்மா சொல்லக்கூடாது. நாங்கள் குடி வந்த வாரத்திலேயே நாலு வீட்டிலிருந்து மூடி போட்ட பாத்திரங்கள் வந்தன. எல்லாவற்றிலும் மாட்டிறைச்சி. கதவைச் சாத்திக்கொண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்தோம், பிறகு பாத்திரங்களைத் தேய்த்து, உள்ளே வடை வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். தமிழ் பேச அந்த ஊரில் நாங்கள் இரண்டு பேர்தான். சண்டை போட்டால் அந்தப் பேச்சும் நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நியூ ஜெர்சியில் இருக்கிற பிஸ்கட்டவேயிலிருந்து என் கணவரின் அக்கா ஃபோன் செய்வார்.

"என்னம்மா, அந்தக் காட்டுலயே எத்தன நாளைக்கு உக்காந்திருப்பீங்க? இங்க எங்க அப்பார்ட்மென்ட்லயே ஆறு தமிழ்க் குடும்பம். வெள்ளிக்கிழமை ஆனா யார் வீட்லயாவது பூஜை, சனிக்கிழமை ஆளுக்கொண்ணு சமைச்சு எடுத்துட்டு வந்து பாட்லக். நீ டைப்பிங் தெரிஞ்சவ, உனக்கு இங்க கண்ண மூடிட்டு வேல குடுப்பாங்க."

"வரத்தான் அண்ணி ஆசை. கிரீன் கார்டு வரட்டும்."

"இதையேதான் போன வருஷமும் சொன்ன."

வேறு என்ன சொல்வது? கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியது என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை. அதை விட்டு நகர்ந்தால் எல்லாம் முதலிலிருந்து. நகராமல் இருந்தாலும் விசாவுக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. ஃபோனை வைத்த பிறகு வயிற்றெரிச்சலோடு பாத்திரம் தேய்ப்பேன். அந்த ஆறு குடும்பத்தையும் நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் அவர்கள் மேல் அவ்வளவு பொறாமை.

என்னைக் காப்பாற்றியது ஊர் நூலகம். நடந்தே போய்விடலாம். அங்கே சில வயதான பெண்மணிகள் ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போட வருடக்கணக்காகக் காகிதம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். டைப் அடிக்க ஆளில்லை. சம்பளம் வாங்காத தொண்டுக்கு விசா குறுக்கே நிற்காது என்று தெரிந்ததும் ஓடிப்போய் உட்கார்ந்தேன். அப்படித்தான் அந்த ஊரின் கதை முழுக்க என் விரல் வழியாகப் போயிற்று. முதலில் ஆற்றோரம் ஒரு மாவு மில். அப்புறம் ரயில். அப்புறம் தரைக்கடியில் எரிவாயு கிடைத்ததாம். கிடைத்ததும் ஆட்டம் தாங்கவில்லை. தெருவிளக்கைப் பகலில்கூட அணைக்கவில்லை. வாயு இலவசம், வாருங்கள் என்று கண்ணாடித் தொழிற்சாலைகளைக் கூப்பிட்டார்கள். வாயு தீர்ந்தது, கண்ணாடிக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். பிறகு அடுப்புத் தொழிற்சாலை, அப்புறம் கியர் தொழிற்சாலை, கடைசியாக என் கணவருடைய கார் உதிரிபாகத் தொழிற்சாலை. ஒவ்வொரு தடவையும் இதுதான் நிரந்தரம் என்று நம்பி வீடு கட்டியிருக்கிறார்கள், பேண்டு வாத்தியக் குழு வைத்திருக்கிறார்கள். அடிக்க அடிக்க எனக்கு எரிச்சலாக வரும். ஒரு தடவை பட்டது போதாதா, ஜனங்களே!

எரிச்சல்பட நான் யார்? நாங்களும் ஒரே ஒரு தொழிற்சாலையை நம்பித்தான் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

நாங்கள் போன இரண்டாம் வருடம் கியர் தொழிற்சாலையை மூடினார்கள். அந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அதற்குள் நுழைந்தவர்கள். வேலைக்கு விண்ணப்பமே எழுதியதில்லை. அப்பாவோ மாமாவோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டிருப்பார். இப்போது ஐம்பது வயதில் ரெஸ்யூமே கொண்டுவா என்றால் பாவம், என்ன செய்வார்கள்? நூலகத்துப் பெண்மணி ஒருவர் முதல் ஆளை என் வீட்டுக்கு அனுப்பினார். பழைய சாமான் விற்பனையில் வாங்கிய டைப்ரைட்டர் ஒன்று என் சமையலறை மேஜைமேல் இருந்தது.

எனக்குத் தெரிந்தது நம் ஊர் பயோடேட்டா. அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமானவரா, எல்லாம் கேட்டு அடித்தேன். கடைசியில், மேலே கண்டவை யாவும் நான் அறிந்தவரை உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்று ஒரு வரி போட்டுக் கையெழுத்துக்கு இடம் விட்டேன். அந்த மனிதர் படித்துவிட்டு, "என் அப்பா இறந்து இருபது வருடமாயிற்று, அவரும் வேலைக்கு வரவேண்டுமா?" என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்பா பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் அந்த உறுதிமொழி வரி அவருக்குப் பிடித்துப்போயிற்று, இருக்கட்டும் என்றார். பிறகு வந்தவர்களும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். என் ரெஸ்யூமேக்கு அதுவே அடையாளமாகிவிட்டது.

டைப் அடிப்பது பெரிய காரியமில்லை. கேட்பதுதான் வேலை. அந்த ஊர் ஆண்களுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளத் தெரியாது. இருபது வருட உழைப்பை "மெஷின் ஓட்டினேன்" என்று இரண்டே வார்த்தையில் எழுதிக்கொண்டு வருவார்கள். நான் விடமாட்டேன். என்ன மெஷின்? எத்தனை பேர் உங்களுக்குக் கீழே? உடைந்தால் யார் சரி செய்தது? "நான்தான்" என்பார்கள், தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர்கள் போல. அடப்பாவமே, அதை முதலில் சொல்வதில்லையா என்று திட்டிக்கொண்டே அடிப்பேன். அவர்களுக்கு நான் திட்டுவது பிடித்திருந்தது. காசு வாங்கக்கூடாது என்பதால் சோளமும் சுரைக்காயும் பீச் ஜாமும் வந்து குவிந்தன. அந்தக் கோடையில் நான் சந்தோஷமாக இருந்தேன். விசா மறந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரரும் கியர் தொழிற்சாலையில்தான் இருந்தார். இரும்பை ஃபர்னஸ் என்கிற உலையில் சூடாக்கிப் பதம் ஏற்றுகிற பிரிவில் இஞ்சினியர். என் கணவரின் வேலையும் அதேதான். அதனால் வேலிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் இவருமாக நின்றுகொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். அவர் மனைவி தக்காளிக் கூடையோடு நிற்பார், நான் துணிக்கூடையோடு நிற்பேன், பேச்சு முடிகிற வழியாக இருக்காது. ஒரு நாள் அவர் வேக்யூம் ஃபர்னஸ் பற்றிச் சொன்னார். உள்ளே இருக்கிற காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டுச் சூடாக்குகிற ஃபர்னஸாம். கியர் தொழிற்சாலைக்கு வருவதற்கு முன், ஒஹையோவில் விமானப் பாகம் செய்யும் இடத்தில் மூன்று வருடம் அதில் வேலை பார்த்திருக்கிறார். "கதவைத் திறந்தால் இரும்பு பளபளவென்று இருக்கும். கல்யாணத்துக்குத் துலக்கி வைத்த வெள்ளிப் பாத்திரம் மாதிரி" என்றார். எனக்குப் புரிந்த ஒரே இஞ்சினியரிங் பேச்சு அது. அதனால்தான் மறக்கவில்லை.

மூன்றாம் வருடம், கம்பெனி ஒருவழியாக எங்கள் கிரீன் கார்டுக்கு வக்கீல் வைத்தது. ஒரு நாள் சாயங்காலம் என் கணவர் வந்து அதன் வழிமுறையைச் சொன்னார். அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். அதற்காக, இவர் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையையே, காலியாக இருப்பதுபோல உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும். கம்பெனி பெயர் இருக்காது, அரசாங்க வேலைவாய்ப்பு ஆபீஸ் முகவரிதான் இருக்கும். தகுதியுள்ள ஆள் ஒருவர் எழுதிப் போட்டுவிட்டாலும் எங்கள் விண்ணப்பம் அதோடு சரி.

"தகுதின்னா?" என்றேன்.

"டிகிரி. அப்புறம் வேக்யூம் ஃபர்னஸ்ல ரெண்டு வருஷம். நம்ம ப்ளான்ட்ல அதானே இருக்கு. இந்த ஊர்ல வேற யாருக்கு அது தெரியும்?"

இரண்டு பேரும் சமையலறை ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்தோம்.

விளம்பரம் வந்த அன்று காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரர் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். பத்து மாதமாக அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. "பெயர் போடவில்லை. ஆனால் உன் வீட்டுக்காரர் இருக்கிற இடம்தான். பெருக்குகிறார்கள் போலிருக்கிறது. அவரும் நானும் ஒரே காரில் போகலாம்" என்றார். கையால் எழுதிய ஒரு தாளை என்னிடம் கொடுத்தார். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே போனார்.

தாளைப் படித்தேன். எல்லோரையும் போலத்தான் எழுதியிருந்தார். மாலை வகுப்புக்குப் போய் வாங்கிய டிகிரி ஒரு வரி. கியர் தொழிற்சாலை பத்தொன்பது வருடம், ஒரு வரி. ஒஹையோ மூன்று வருடம், ஒரு வரி. அதற்குக் கீழே, பதமேற்றும் வேலை, எல்லா வகை ஃபர்னஸும். அவ்வளவுதான். வேக்யூம் என்ற வார்த்தையே இல்லை.

என் கணவர் வந்ததும் காட்டினேன். அவர் ஷூவைக் கழற்றாமலே படித்தார்.

"ஏங்க, அவருக்கு அதுல மூணு வருஷம் இருக்குங்க. உங்ககிட்டதானே சொன்னாரு."

"தெரியும்."

"இப்ப என்ன பண்றது?"

"அவர் என்ன எழுதியிருக்காரோ அத அப்படியே டைப் பண்ணு. ஒண்ணும் சேக்காத, ஒண்ணும் எடுக்காத. பேப்பர்ல இல்லாதது கணக்குல வராதுன்னு லாயர் சொல்லிட்டார். நாம எந்தத் தப்பும் பண்ணல."

"மத்தவங்க எல்லார்கிட்டயும் நோண்டி நோண்டிக் கேட்டுத்தானே அடிச்சேன்?"

"விசா இன்னும் எத்தன மாசம்னு உனக்கே தெரியும். திருச்சிக்குத் திரும்பிப் போய் என்ன பண்றது, சொல்லு. நான் விட்டுட்டு வந்த சீட்ல வேற ஒருத்தன் உக்காந்து மூணு வருஷமாச்சு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கெஞ்சுகிற குரல் அது. நான் இரண்டு பேருக்கும் சோறு போட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கார்பன் வைத்துத் தாளைச் செருகினேன். திருச்சி இன்ஸ்டிட்யூட்டில் எங்கள் மாஸ்டர் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம், அடிக்க வேண்டிய காப்பியைப் பார், யோசிக்காதே என்பது. காப்பியைப் பார்த்தேன். ஒரு தப்பு இல்லை, ஒரு அழிப்பு இல்லை. அவ்வளவு அழகாக என் வாழ்க்கையில் அடித்ததில்லை. ஃபர்னஸ் வரிக்கு வந்தபோது அவர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"விளம்பரத்தில் வேக்யூம் என்று போட்டிருக்கிறான். நான் எல்லா வகையும் என்று எழுதியிருக்கிறேன். அதில் அது அடங்கும்தானே? ஒவ்வொன்றாக அடுக்கினால் பீற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். நீ இத்தனை பேருக்கு அடித்தவள், உனக்குத்தான் தெரியும்."

எடுக்காதே, சேர்க்காதே என்றுதான் என் கணவர் சொன்னார். கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வது என்று சொல்லித்தரவில்லை. கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

"அடங்கும்" என்றேன்.

"நல்லது" என்று போய் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் அந்த உறுதிமொழி வரியையும் அடித்தேன். மேலே கண்டவை யாவும் உண்மை. உண்மைதானே, எதில் பொய் இருந்தது? அவர் அதன் கீழே நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் அவர் மனைவி ஒரு கூடைத் தக்காளி கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தொடவில்லை, அழுகிப் போனதும் கொட்டினேன்.

தகுதிகள் பொருந்தவில்லை என்று அவருக்கு இரண்டு வரிக் கடிதம் வந்தது. அதை என்னிடமே கொண்டுவந்து காட்டினார். நான் கடிதத்தைப் படிப்பதுபோல தலையைக் குனிந்துகொண்டேன். "உன் மேல் தப்பில்லை. இவ்வளவு சுத்தமாக அடித்த தாளை என் ஆயுளில் பார்த்ததில்லை" என்றார். அத்தோடு விட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தத் தாளை நூலகத்து மெஷினில் கட்டுக்கட்டாகப் பிரதி எடுத்தார். ஒஹையோ, இல்லினாய், மிச்சிகன், எங்கெல்லாம் ஃபர்னஸ் இருக்கிறதோ அங்கெல்லாம் அனுப்பினார். அன்றாடம் காலையில் தபால் பெட்டிக்கு நடந்து போவார், வெறுங்கையோடு திரும்பி வருவார். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தத் தபால் பெட்டி.

ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சேர்த்துப் புதிதாக அடித்துக் கொடுக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகாது. ஆனால் சேர்த்துக் கொடுத்தால், ஏன் முதலில் சேர்க்கவில்லை என்று கேட்பார். அவர் நேராக வேலைவாய்ப்பு ஆபீஸுக்குப் போய்விட்டால்? எங்கள் காகிதங்கள் இன்னும் ஏதோ மேஜையில் கிடந்தன. கார்டு வரட்டும், கையில் கார்டு வந்த அன்றே கொடுத்துவிடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜன்னலுக்குத் திரை போட்டேன். நூலகத்துக்குப் போவதை நிறுத்தினேன். ரெஸ்யூமே அடிக்க வந்தவர்களிடம் மெஷின் கெட்டுவிட்டது என்றேன். பனிக்காலம் வந்தது. விசா என்னை உட்காரவைத்தபோது ஜன்னல் வழியாகத் தெருவையாவது பார்க்க முடிந்தது, இப்போது அதுவும் இல்லை. "ஏம்மா குரல் இப்படி இருக்கு?" என்று பிஸ்கட்டவே அண்ணி கேட்டார். குளிர் என்றேன்.

கார்டு வர ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். என் கணவருக்குப் பிஸ்கட்டவேக்குப் பக்கத்திலேயே, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வேலை கிடைத்தது. சாமான் கட்டினோம். கிளம்புவதற்கு முந்தின நாள் டைப்ரைட்டரைத் திரும்ப வெளியே எடுத்து, கார்பன் பிரதியைப் பார்த்து, புதிய தாள் அடித்தேன். ஒஹையோ வரியின் கீழே, வேக்யூம் ஃபர்னஸில் மூன்று வருட முழுநேர அனுபவம் என்று சேர்த்தேன். கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன்.

அவர் வாசலில் நின்றபடியே படித்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, நின்றது.

"இது நான் எழுதிக் கொடுத்ததில் இல்லை."

"இல்லை."

"வேலிக்குப் பக்கத்தில் நின்று சொன்னது."

"ஆமாம்."

"அன்றைக்கு உன்னிடம் கேட்டேன், அடங்குமா என்று."

சொல்ல வேண்டியதையெல்லாம் இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். விசா, மாதங்கள், திருச்சியில் போய்விட்ட வேலை. அழுகைதான் வந்தது, அதை அடக்கினேன். அழ எனக்கு என்ன யோக்கியதை?

அவர் தாளை நாலாக மடித்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார்.

"அந்த வேலைக்கு யாரையும் எடுக்கவே இல்லை. புது ஆள் வந்தால் இந்த ஊரில் தெரியாமல் இருக்குமா? நான் அதைப் பற்றி யோசித்ததுண்டு" என்றார். பிறகு, "உங்கள் கார்டு வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"வந்துவிட்டது."

"நல்லது" என்றார். அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. உள்ளே போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். மறுநாள் நாங்கள் கிளம்பியபோது தெருவே வாசலுக்கு வந்து கையசைத்தது, அந்த ஊர் வழக்கம் அது. அவர் வீட்டு வாசலில் யாரும் இல்லை.

பிஸ்கட்டவேயில் ஆறு தமிழ்க் குடும்பமும் நேரில் வந்து பார்த்தார்கள். அண்ணி சொன்னது போலவே ஒரு மாதத்துக்குள் ஒரு மருந்துக் கம்பெனி ஆபீஸில் என்னைக் கூப்பிட்டார்கள். முன்அனுபவத்துக்குப் படிவத்தில் விரற்கடை அளவு இடம்தான் இருந்தது. வக்கீல் ஆபீஸ், ஆறு வருடம், எல்லா வகை டைப்பிங்கும் என்று எழுதிக் கொடுத்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தது என்னைவிடச் சின்னப் பெண். படிவத்தைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"எல்லா வகையும் என்றால் போதாது, மேலே இருப்பவர்கள் தள்ளிவிடுவார்கள். எதெது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், நானே எழுதுகிறேன்" என்றாள்.

நான் அழுதுகொண்டிருந்தேன். வேலை கிடைத்துவிடும், பயப்படாதீர்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.